செல்ஃப் அடித்தால் ‘டிக்’, கிக்கர் மிதித்தால் ஒன்றுமில்லை: பழைய பைக்கின் கரண்ட் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறி இறங்கும் வண்டி ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணம் பார்த்துவிடும். கீழே சுமார் 400 மீட்டர் உயரத்தில் வெயிலும் புழுதியும். மேலே 900 மீட்டரை ஒட்டி மூடுபனி, ஜூன் பிறந்துவிட்டால் விடாத சாரல். புது வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்து, வயர் உறையெல்லாம் விறைத்துப்போன வண்டிக்கு இதுதான் எமன். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஈரம் போய் உட்கார்ந்துவிடும். பிரித்துப் பார்த்தால் பித்தளை முனையெல்லாம் திராட்சைக்கு அடிக்கிற துருசு மாதிரி பச்சை பூத்திருக்கும்.

கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே கூடலூரில் என் பட்டறைக்கு இப்படி வரும் வண்டிகளில் நிறைய, ஏற்கெனவே எங்கோ சிடிஐ (பொறியை நேரம் பார்த்து விடுகிற பெட்டி) மாற்றி, காயில் (பொறிக்கு வோல்டேஜை ஏற்றுகிற சுருள்) மாற்றி, பேட்டரியும் மாற்றிய பிறகுதான் வருகின்றன. “எல்லாம் புதுசுண்ணே, ஆனா ஸ்டார்ட் ஆகல” என்பார்கள். மேலே கேரளப் பக்கமிருந்து வருகிறவர், “அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகுந்நில்ல” என்பார். பாஷைதான் வேறு, கதை ஒன்றுதான். என் அனுபவத்தில் பார்ட்ஸ் சாவது குறைவு, பார்ட்ஸுக்குக் கரண்ட் போகிற வழி அடைபடுவதே அதிகம். அதனால் வழியை முதலில் பார்ப்போம். கடைக்குப் போவது கடைசி.

## கையில் இருக்க வேண்டியவை

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு, நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ப்ளக் ஒன்று, இரண்டு முழம் வயர். கூடவே ஒரு டெஸ்ட் லேம்ப். இதை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து, ஒன்றின் நுனியில் கவ்வுகிற கிளிப், மற்றதில் ஒரு ஆணி. அவ்வளவுதான்.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பார்கள். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் பச்சை பூத்த கப்ளரிலும் 12.6 வோல்ட் காட்டிவிட்டுப் போகும். பல்பு முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் அடைப்பு இருந்தால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. பழைய வண்டி வயரிங்கில் நான் முதலில் எடுப்பது பல்பைத்தான்.

## முதல் கேள்வி: பொறிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

இதற்குப் பதில் தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். பழைய வண்டிகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம்.

ஒன்று, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டிலிருந்தே பொறிக்குக் கரண்ட் எடுக்கிற ஏசி சிடிஐ வண்டிகள். யமஹா ஆர்எக்ஸ் 100, கிக்கர் மட்டும் இருந்த காலத்து ஸ்ப்ளெண்டர் எல்லாம் இந்த வகை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாலும் பொறி வரும். இரண்டு, பேட்டரிக் கரண்டில் ஓடுகிற டிசி சிடிஐ வண்டிகள். செல்ஃப் வந்த பிறகு வந்தவற்றில் பல இப்படி. மூன்று, பாயிண்ட் (இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடிப் பொறியை விடுகிற தொடுமுனை) வைத்த பழைய வார்ப்பு இரும்பு இன்ஜின் புல்லட். அதற்கும் பேட்டரிதான் ஆதாரம்.

உங்கள் வண்டி ஏசியா டிசியா என்று தெரியாவிட்டால் சிடிஐ கப்ளரைப் பிடுங்கி, சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், வண்டிப் பக்கத்துக் கப்ளரில் ஒவ்வொரு முனையாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். லேம்பின் கிளிப் பேட்டரியின் மைனஸில் இருக்கட்டும். ஏதாவது ஒரு முனையில் பல்பு எரிந்தால் டிசி. எதிலும் எரியாவிட்டால் ஏசி, அல்லது டிசி வண்டிக்குக் கரண்ட் வராத கோளாறு. ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் சிடிஐயில் எரியவில்லை, வண்டியோ செல்ஃப் வைத்த மாடல் என்றால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் பக்கம் இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்பதை இதுதான் தீர்மானிக்கும். ஏசி வண்டி பேட்டரி செத்திருந்தாலும் இரண்டாவது கியரில் பிடித்துக்கொள்ளும். டிசி வண்டியில் பேட்டரி அடியோடு காலியென்றால் எத்தனை கொண்டை ஊசி வளைவு உருண்டாலும் பிடிக்காது. மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

## “சாவி போட்டா ஒண்ணுமே இல்ல”

நியூட்ரல் லைட் இல்லை, ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. ஹெட்லைட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டிலிருந்து நேராகக் கரண்ட் போகும், இன்ஜின் ஓடினால்தான் எரியும். ஹாரனும் இண்டிகேட்டரும்தான் பேட்டரியின் சாட்சி.

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்றிருக்கும் நிலையில் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் காலி என்றே வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே என்று திருப்திப்பட்டால் ஏமாந்தோம். பேட்டரி நன்றாக இருந்து வண்டியில் உயிர் இல்லையென்றால் ஃப்யூஸ். அதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் அதைப் பிடிக்கிற கவ்வி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா பாருங்கள்.

ஃப்யூஸ் போன இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிற வழக்கம் எஸ்டேட் பக்கம் இன்னும் இருக்கிறது. ஃப்யூஸ் எதற்காகப் போனதோ அந்தக் கோளாறு உள்ளேயே இருக்கும். அடுத்த முறை வெள்ளித்தாள் போகாது, வயரிங் கட்டு முழுவதும் டேங்குக்கு அடியில் உருகும். எத்தனை ஆம்பியர் என்று வண்டியில் போட்டிருக்கிறதோ அதே ஃப்யூஸ்தான் போட வேண்டும்.

ஃப்யூஸும் சரியென்றால் அடுத்தது சாவி சுவிட்ச். இங்கேதான் மலைப்பாதையின் கைவரிசை தெரியும். வளைவுக்கு வளைவு ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பித் திரும்பி, ஸ்டியரிங் கழுத்தருகே வளைகிற வயர் உள்ளே அறுந்துபோகும். உறை அப்படியே இருக்கும், உள்ளே செம்பு இருக்காது. சாவியைப் போட்டுவிட்டு ஹேண்டிலை மெதுவாக இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்புங்கள். நியூட்ரல் லைட் எங்காவது விட்டு விட்டு எரிந்தால் கோளாறு பிடிபட்டது. அந்த வயரை விரலால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே அறுந்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அதே இடத்தில் அறும். வளைகிற இடத்தை விட்டுத் தள்ளி இரண்டு பக்கமும் வெட்டி, புது வயர் கொடுத்து, பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்குகிற குழாய் போடுங்கள்.

## “செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு மட்டும் கேக்குது”

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘டிக்-டிக்-டிக்’ என்று படபடப்பாக வந்தால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவே சுவிட்சாக இருக்கிற ரிலே மூடும், மோட்டார் கரண்ட் இழுத்தவுடன் வோல்டேஜ் விழும், ரிலே திறந்துகொள்ளும், வோல்டேஜ் ஏறும், மறுபடி மூடும். அந்த ஆட்டத்தின் சத்தம் அது. ஒரே ஒரு கனமான ‘டக்’ மட்டும் வந்து நின்றால் ரிலே மூடிவிட்டது, அதற்கப்பால் கரண்ட் போகவில்லை அல்லது மோட்டார் சுற்றவில்லை.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமான பேட்டரி 10 வோல்ட்டை ஒட்டியாவது நிற்கும். 9.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் சரிந்தால் ஆயுள் முடிந்தது. சார்ஜ் ஏற்றும்போது பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். ஜீப் பேட்டரிக்கு வைத்திருக்கிற சார்ஜரில் மாட்டினால் ஒரு ராத்திரியில் தண்ணி கொதித்து வற்றிவிடும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 11 வோல்ட் நிற்கிறது, மோட்டார் மட்டும் இழுக்கவில்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. கரண்ட் இருக்கிறது, வழியில் எங்கோ சிக்குகிறது. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் கட்டையிலேயே வையுங்கள். வயர் நுனியில் இருக்கிற லக்கில் வைக்க வேண்டாம், ஈயக் கட்டையில் வையுங்கள். கருப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் முனையில். இப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் காட்டுவது வழியில் தொலைகிற வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இரண்டு, மூன்று என்று காட்டினால் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்: பேட்டரி லக், ரிலேயின் உள்வழி, ரிலேயின் வெளிவழி, மோட்டார் முனை. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கேதான் திருடன்.

எர்த் பக்கமும், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழியும், இப்படியே. பேட்டரி மைனஸ் கட்டையிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு. இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. எர்த் வயர் இன்ஜினில் போல்ட் ஆகிற இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பெயின்ட் அடித்து அழகு பார்த்த வண்டிகளில் அந்தப் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் ஏன் இவ்வளவு கறார் என்று புரியும். செல்ஃப் மோட்டார் இழுப்பது பல பத்து ஆம்பியர். 50 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், வெறும் 0.05 ஓம் தடையில் 2.5 வோல்ட் காணாமல் போகும். அந்த 0.05 ஓம்மைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே முடியாது. செல்ஃப் வயரை மீட்டரின் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு செய்வதில் அர்த்தமில்லை என்பதற்கு அதுதான் காரணம்.

வழியெல்லாம் சுத்தம், மோட்டார் முனை வரை முழு வோல்டேஜ் வருகிறது, எர்த்தும் சரி, ஆனால் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டரில் கரி அடைத்திருக்கும். செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்பேனர் பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பித்துவிட்டதா? பிரஷ்தான். பிரஷ் செட் மலிவு, முழு மோட்டார் வாங்க அவசரப்படாதீர்கள்.

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பார்க்கிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. ரிலே கெட்டதா என்று உடனே தெரியும், உண்மைதான். ஆனால் அந்த வழியில் நியூட்ரல் சுவிட்சோ கிளட்ச் சுவிட்சோ குறுக்கே வராது. கியரில் இருந்தால் வண்டி பாயும். தெறிக்கிற பொறி பக்கத்தில் பெட்ரோல் கசிவு, சார்ஜில் இருந்த பேட்டரியின் வாயு எதுவும் இருக்கக் கூடாது. நியூட்ரலை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

## “பட்டனை அமுக்குனா சத்தமே வரல”

ரிலேக்கே கட்டளை போகவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், நியூட்ரலில் போட்டும் அடித்துப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் அந்தச் சுவிட்ச்தான். இரண்டிலும் இல்லையென்றால் ரிலேயின் மெல்லிய வயர்களில் ஒன்றில் பட்டனை அமுக்கும்போது டெஸ்ட் லேம்ப் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ரிலே காயில் அல்லது அதன் எர்த். எரியாவிட்டால் பட்டன். மூடுபனி ஊரில் வலதுகை சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கிச் செம்புத் தகடு கறுத்திருக்கும். பிரித்துத் துடைத்தாலே போதும். உள்ளே இருக்கிற குட்டி ஸ்பிரிங் பறந்துவிடும், கீழே துணி விரித்துக்கொண்டு பிரியுங்கள்.

## “மோட்டார் மட்டும் உர்ருனு சுத்துது, இன்ஜின் சுத்தல”

இது கரண்ட் கோளாறே இல்லை. செல்ஃபுக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற ஒன் வே கிளட்ச் வழுக்குகிறது. மேக்னெட்டைக் கழற்ற வேண்டிய வேலை. கிக்கர் இருந்தால் அது வரைக்கும் மிதித்து ஓட்டுங்கள்.

## “செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காம, பட்டனை விட்டதும் ஒரு தடவ வெடிக்குது”

நிறையப் பேரை ஓட ஓட விரட்டுகிற அறிகுறி இது. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அலுத்துப்போய்ப் பட்டனிலிருந்து விரலை எடுக்கும் அந்த நொடியில் ‘டப்’ என்று ஒரு முறை வெடிக்கிறது, சில சமயம் ஸ்டார்ட்டே ஆகிவிடுகிறது. கிக்கரில் மிதித்தால் உடனே பிடிக்கிறது.

டிசி சிடிஐ வண்டியில் பொறிக்கும் செல்ஃபுக்கும் ஒரே பேட்டரி. மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்கினால் சிடிஐக்குப் போதாது, பொறி நின்றுவிடும். பட்டனை விட்டதும் வோல்டேஜ் துள்ளி ஏறும், இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த ஒரு சுற்றில் பொறி விழும். இதற்குச் சிடிஐ மாற்றினால் பணம்தான் போகும். பேட்டரியையும் மேலே சொன்ன எர்த்தையும் பாருங்கள். இன்னொன்று, செல்ஃப் அடிக்கும்போது சிடிஐயின் பிளஸ் முனையில் எத்தனை வோல்ட் என்று அளந்து பேட்டரி முனையோடு ஒப்பிடுங்கள். பேட்டரியில் 10.2, சிடிஐயில் 8.5 என்றால் நடுவில் இருக்கிற சாவி சுவிட்சோ, ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்சோ தின்கிறது.

## “நல்லா சுத்துது, கிக்கரும் மிதிச்சாச்சு, பிடிக்கவே மாட்டேங்குது”

முதலில் பொறியா பெட்ரோலா என்று பிரியுங்கள். ப்ளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி சந்தேகம். காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள், அது இந்தக் கதையில் இல்லை.

ப்ளக்கை அதன் வயர் நுனியில் இருக்கிற கேப்பில் மாட்டி, இரும்பு உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்து, சாவி போட்டு, கில் சுவிட்ச் ஆன் நிலையில் கிக்கரை மிதியுங்கள். ப்ளக் துவாரத்தருகே வைக்காதீர்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். கையால் பிடிக்கவும் வேண்டாம். எர்த்தே கொடுக்காமல் தொங்கவிட்டு மிதிப்பதும் கூடாது. போகிற வழி இல்லாத ஹை டென்ஷன் கரண்ட் காயிலையும் சிடிஐயையும் உள்ளுக்குள் துளைத்துவிடும்.

நீலமாகச் ‘சட் சட்’ என்று பொறி வந்தால் பொறி நலம். சிவந்து மெலிந்து வந்தால் பலவீனம். வரவே இல்லையென்றால் தெரிந்த நல்ல ப்ளக்கை மாட்டிப் பாருங்கள். பிறகு கேப்பைத் திருகிக் கழற்றிவிட்டு வயர் நுனியை ஹெட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் கேப் போய்விட்டது. கேப்பை ஓம் மீட்டரில் வைத்தால் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். கேப்பைத் திரும்பப் போடும்போது வயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது செம்பில் திருகுங்கள்.

இன்னும் பொறி இல்லையா? இங்கேதான் ஏசி, டிசி கேள்வி கைகொடுக்கும்.

ஏசி வண்டியில் கில் சுவிட்ச் வேலை செய்வது தலைகீழாக. இன்ஜினை நிறுத்த அது கரண்டைத் துண்டிப்பதில்லை, சிடிஐக்குப் போகும் ஒரு வயரை எர்த் செய்கிறது. சாவி சுவிட்சும் அப்படியே. ஆகவே சுவிட்சில் ஈரம் இறங்கினாலோ, அந்த வயர் உறை தேய்ந்து சட்டத்தில் உரசினாலோ, சாவி ஆனில் இருந்தும் வண்டி ‘ஆஃப்’ ஆகவே இருக்கும். யமஹாவிலும் ஹோண்டா குடும்பத்திலும் அந்த வயர் கருப்பில் வெள்ளைக் கோடு. சிடிஐ அருகே அதை மட்டும் பிரித்துவிட்டு மிதியுங்கள். பொறி வந்துவிட்டால் சிடிஐ, காயில், மேக்னெட் மூன்றும் நிரபராதி. எஸ்டேட் ஷெட்டில் நிறுத்துகிற வண்டிகளில் எலி கடித்த இடம் பெரும்பாலும் இந்த வயர் போகிற டேங்கின் அடிதான். வயரைப் பிரித்தே வைத்து வீட்டுக்குப் போகலாம், ஆனால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. கியரில் போட்டு பிரேக் பிடித்து, கிளட்சை விட்டு அணைக்க வேண்டியிருக்கும்.

டிசி வண்டியில் இந்த வித்தை செல்லாது. அங்கே கில் சுவிட்ச் நேராகவே கரண்டைத் துண்டிக்கிறது. சிடிஐயின் பிளஸ் முனையில் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஹோண்டா குடும்பத்தில் அது கருப்பு வயர், எர்த் பச்சை. யமஹாவில் சாவிக்குப் பிறகான கரண்ட் பழுப்பு நிறம், எர்த்துதான் கருப்பு. இந்த இரண்டு வீட்டு நிறத்தையும் குழப்பிக்கொண்டு ஜம்பர் கொடுத்தால் புகை வரும்.

அடுத்தது மேக்னெட்டுக்குள் இருப்பவை. பொறி விழும் நேரத்தைச் சொல்கிற பல்சர் காயில் (பஜாஜ் பல்சர் வண்டி அல்ல) பொதுவாக 100 முதல் 300 ஓம் வரை காட்டும். ஏசி வண்டியில் பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற சோர்ஸ் காயில் சில நூறு ஓம். உங்கள் மாடலின் சரியான எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஆனால் எண்ணைவிட முக்கியம் இரண்டு விஷயம்: மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்து கிடக்கிறதா, அல்லது பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கிறதா. இரண்டும் தப்பு. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பல்சர் வயரில் பிடித்துக் கிக்கரை மிதித்தால் எண் துள்ள வேண்டும். துள்ளினால் காயில் உயிரோடு இருக்கிறது. சோர்ஸ் காயிலில் இதே சோதனை செய்யும்போது விரல் படாமல் பிடியுங்கள், உதறித் தள்ளிவிடும்.

எல்லாம் சரி, பொறி மட்டும் இல்லை என்கிறபோதுதான் சிடிஐ. அதுவும் வாங்குவதற்கு முன்னால் அதே மாடல் வண்டியிலிருந்து கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சிடிஐயை மீட்டர் வைத்து ‘நல்லது, கெட்டது’ என்று சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பொறி நீலமாக வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனால் கிக்கர் காலைத் திருப்பி உதைக்கிறது என்றால் மேக்னெட்டைக் கிராங்கில் பூட்டுகிற சாவிக்கட்டை நகர்ந்து டைமிங் போயிருக்கலாம். பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

## பாயிண்ட் வைத்த புல்லட்டுக்குத் தனியாக

இந்த வண்டிக்கு மீட்டர் கூட வேண்டாம். ஹெட்லைட் மூடியில் இருக்கிற ஆம்பியர் மீட்டரே சோதனைக் கருவி. விளக்கெல்லாம் அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நகர்த்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். இப்படி ஆடினால் பேட்டரி, சாவி, காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாம் வேலை செய்கின்றன. முள் அசையவே இல்லையென்றால் பாயிண்ட் கரிந்து தொடவில்லை அல்லது கரண்ட் வரவில்லை. மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லாவிட்டால் அதன் வயரோ, பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்குகிற கண்டன்சரோ எர்த் ஆகிவிட்டது.

முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மெல்லிய உப்புத்தாளில் தேய்த்த பிறகு ஒரு விசிட்டிங் கார்டைப் பெட்ரோலில் நனைத்து நடுவே இழுத்துத் தூளைத் துடையுங்கள், அந்தத் தூள் இருந்தாலும் பிடிக்காது. பாயிண்டிலேயே மஞ்சளாகக் கொழுத்த பொறி பறந்து, ப்ளக்கில் மட்டும் மெலிந்தால் கண்டன்சர் போச்சு. சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடாகும், பேட்டரியும் காலி.

## “ஏத்தத்துல நின்னுச்சு, அரைமணி கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகுது”

காலையில் ஒரே மிதியில் பிடிக்கும். பாதி மலை ஏறியதும் விக்கி நிற்கும். ஓரமாக நிறுத்தி, ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். பட்டறைக்கு வரும்போது வண்டி ஆறியிருப்பதால் எந்த மீட்டரிலும் எதுவும் பிடிபடாது.

காயிலுக்குள் இருக்கிற முடிமாதிரி செம்புக் கம்பி சூட்டில் விரிந்து துண்டிக்கும், ஆறினால் தொடும். பல்சர், சோர்ஸ், இக்னிஷன் காயில் எதற்கும் இது வரும், சிடிஐக்கும் வரும், பாயிண்ட் வண்டியில் கண்டன்சருக்கு. ஆகவே நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே பாருங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய் உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துவாரம் அடைப்பு, கரண்ட் குற்றமில்லை. இல்லையென்றால் ப்ளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் அந்தச் சூட்டிலேயே காயில்களின் ஓம் எண்ணை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு மறுபடி அளந்தால் குற்றவாளி தானே தெரிவான். சூட்டில் எண் கொஞ்சம் ஏறுவது செம்பின் இயல்பு; இரண்டு மடங்கானாலோ காணாமல் போனாலோதான் கோளாறு. பட்டறையில் செய்வதென்றால் தலைமுடி உலர்த்துகிற கருவியால் சந்தேகப்படுகிற ஒன்றை மட்டும் சூடேற்றிப் பார்க்கலாம்.

## “சாரல்ல நனைஞ்சா போதும், அவுட்டு”

இருட்டில் ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டே ப்ளக் வயரைப் பாருங்கள். உறை வெடித்த இடத்திலிருந்து சட்டத்துக்கு நீலமாகப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். வயரும் கேப்பும் மாற்ற வேண்டும், டேப் சுற்றினால் அடுத்த சாரல் வரைதான். வழியில் மாட்டிக்கொண்டால் கேப்பைக் கழற்றி உள்ளே உலர்த்தித் துடைத்து, ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானையும் துடைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் அந்த அளவிலேயே வீடு சேரலாம். கப்ளர்களைச் சுத்தம் செய்த பிறகு உள்ளே சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குக் கவலை இல்லை. சாதாரண பேரிங் கிரீஸ் வைக்காதீர்கள், அது வெயிலில் உருகி ரப்பரைத் தின்னும்.

## “தினம் காலையில பேட்டரி காலி”

இரண்டில் ஒன்று: ராத்திரி கசிகிறது, அல்லது பகலில் ஏறவில்லை.

கசிவுக்கு, சாவியை அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த வயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். அந்த நேரத்தில் தப்பித்தவறியும் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். அலாரம், கடிகாரம் எதுவும் இல்லாத பழைய வண்டியில் ஒரு மில்லியாம்பியர் கூட வரக் கூடாது. வந்தால் முதலில் பிறகு மாட்டியவற்றைப் பிரியுங்கள்: ரிமோட் அலாரம், செல்போன் சார்ஜர், எல்இடி பட்டை. அடுத்து, பேட்டரிக்கு ஏறுகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் கப்ளர். அதைப் பிடுங்கியதும் எண் பூஜ்யமானால் உள்ளே டயோடு போய்ப் பேட்டரிக் கரண்ட் மேக்னெட் வழியாகத் திரும்பி வடிகிறது.

ஏறவில்லை என்ற சந்தேகத்துக்கு, நன்றாக நிறைந்த பேட்டரியோடு இன்ஜினை ஓட்டி, ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு முறுக்கிப் பேட்டரி முனையில் அளவு பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நின்றால் நலம். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் சார்ஜ் காயில் அல்லது ரெகுலேட்டர். 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி தண்ணி அடிக்கடி வற்றுவதும் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆவதும் அதன் வேலைதான்.

அவசரத்துக்கு எஸ்டேட் ஜீப்பிலிருந்து ஜம்ப் கொடுப்பது நம் பக்கம் சகஜம். ஜீப்பின் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொடுங்கள். பிளஸுக்குப் பிளஸ்; மைனஸை வண்டியின் இன்ஜின் உடம்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. உங்களுடையது 6 வோல்ட் வண்டியாக இருந்தால் அந்த வயரைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

ரெகுலேட்டர் புதிதாக மாட்டியும் சார்ஜ் ஏறாவிட்டால், அது சட்டத்தில் போல்ட் ஆகிற இடத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் அதன் உடம்புதான் எர்த், அடியில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் வேலை செய்யாது. சுரண்டி இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.